கடலாண்ட ஹோஸ்

“இது பொண்ணு கையாய்யா? நீயே பாரு! வளையலு முட்டியத் தாண்ட மாட்டேங்குது. சோப்பு போட்டுத் தேச்சும் ஏற மாட்டேங்குது. புது ஜாக்கெட்டு தோள்பட்டைல டர்ருனு கிழிஞ்சிடுச்சி. இடையஞ்சாவடிலேர்ந்து வர்றவங்க பொண்ணப் பாப்பாங்களா, பயில்வானப் பாப்பாங்களா?”

அமராவதியின் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்டது. அந்த மூன்று வீட்டிலும் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுச் சின்னப்பாப்பா பெருக்கி முடித்த வாசலையே மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

“அதுக்கு நான் இன்னாடி பண்றது?” சகாதேவனும் விடவில்லை. “ஸ்டியரிங்கு பாறாங்கல்லு மாதிரி இருக்குது. எனக்குத் தோள் பூட்டு போயிடுச்சி. அவதான் மல்லுக்கட்டித் திருப்பறா. வண்டி ஓட்டலன்னா சோத்துக்கு எங்க போவ?”

“வித்துத் தொலைய்யா அந்தக் கருமத்த!”

“விக்க மாட்டேன். இன்னா பண்ணுவ?”

இரண்டு பேருக்கும் நடுவில் கீதாஞ்சலி தன் கைகளை நீட்டியபடி நின்றாள். ஸ்டேஷனில் மேசைமேல் வைக்கப்பட்ட திருட்டுச் சாமான் மாதிரி இருந்தன அந்தக் கைகள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. வலது கட்டைவிரல் ஓரத்தில் ரத்தக்கட்டு. அவளுக்கு அந்தக் கைகளைப் பற்றி வெட்கம் ஒன்றும் இல்லை. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று தெரிந்திருந்தது.

கதை இதுதான். சகாதேவனிடம் இருந்தது கீதாஞ்சலியைவிட வயதில் மூத்த ஒரு நீல டிராக்டர். உப்பளப் பாத்தியில் வாரிய உப்பை டிரெய்லரில் ஏற்றி ஈசிஆர் ரோட்டோரக் குடோனுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது அதன் பிழைப்பு. பவர் ஸ்டியரிங் எப்போதோ எண்ணெய் ஒழுக ஆரம்பித்து, ஒழுகி ஒழுகி ஒருநாள் பவர் போய் வெறும் ஸ்டியரிங் மட்டும் மிஞ்சியது. லோடு வண்டியை வரப்பு முனையில் திருப்பித் திருப்பி சகாதேவனின் தோள் உறைந்துபோனது. சட்டை மாட்டிவிடவே அமராவதி வர வேண்டும் என்ற நிலை. அன்றைக்கு சீட்டில் ஏறியவள்தான் கீதாஞ்சலி. இறங்கவில்லை.

அதற்கு முன்னால் அவளும் மற்றப் பெண்களோடு தலையில் உப்புக்கூடை சுமந்தவள்தான். உப்புத் தண்ணீர் கழுத்து வழியாக வழிந்து முதுகெல்லாம் எரியும். கால் வெடிப்பில் இறங்கினால் கண்ணில் பொறி பறக்கும். சீட்டில் உட்கார்ந்தால் காற்று வந்தது. மேஸ்திரி “ஏய்” என்று கூப்பிடாமல் “இன்னாம்மா, கெளம்பலாமா?” என்று கேட்டார். அந்த ‘ம்மா’வுக்காகவே அவள் இன்னும் பத்து வருஷம் மல்லுக்கட்டத் தயாராக இருந்தாள்.

கடைசியில் அமராவதிதான் தீர்ப்புச் சொன்னாள். “சரி. அந்தப் பவர் ஸ்டியரிங்க ரிப்பேர் பண்ணு. சுண்டுவிரல்ல சுத்தற மாதிரி ஆச்சின்னா இவ ஓட்டிக்கட்டும், நான் வாயத் தெறக்க மாட்டேன். ஆவலயா, வண்டிய வித்துட்டு இவள அடுப்பாண்ட வுடு.”

அமராவதி வாயைத் திறக்க மாட்டாள் என்பதைத் தெருவில் யாரும் நம்பவில்லை. ஆனால் கீதாஞ்சலி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே ஜான்சன் வந்தான். கூனிமேட்டு ஓரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த கிறிஸ்தவப் பையன். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. மீசையில் நரை விழுந்த எவரையும் மாமா என்று கூப்பிடுகிற பழக்கம் அவனுக்கு உண்டு. சகாதேவனையும் அப்படித்தான் கூப்பிட்டான். சின்னப்பாப்பாவின் விளக்குமாறு ஒரு நிமிஷம் நின்றது.

“மாமா, சீலு எல்லாம் போயிடுச்சி. உப்புக்காத்து தின்னுடுச்சி,” என்று அவன் ஸ்டியரிங் அடியில் இருந்த யூனிட்டைப் பிரித்துப் போட்டுக் காட்டினான். ரப்பர் வளையங்கள் நமத்த முறுக்கு மாதிரி விரலில் உதிர்ந்தன. முன் ஆக்சிலில் படுத்திருந்த சிலிண்டரைக் கழற்றினால், பளபளவென்று இருக்க வேண்டிய அதன் கம்பி முழுக்க அம்மைத் தழும்பு. அதைப் புதுச்சேரி லேத்துக்கு அனுப்பி மறுபடி குரோம் பூச வேண்டும் என்றான். சீல் செட்டுக்குத் திண்டிவனத்துக்குச் சொல்லிவிட்டான்.

ஜான்சனுக்குத் துணைக்கு ஆள் இல்லை. சகாதேவனுக்குக் கை தூக்க வராது. ஆகவே கீதாஞ்சலி ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தவள் குனிந்தாள், குனிந்தவள் அடியிலேயே படுத்துவிட்டாள். ஒரே டிராக்டருக்கடியில் நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைத் தெரு பார்த்தது. கால்கள் மட்டும் தெரிகிறபோது மிச்சத்தைக் கற்பனையாக நிரப்பிக்கொள்வது மனித இயல்பு. உள்ளே உண்மையில் நடந்த பேச்சு இப்படித்தான் இருந்தது:

“அத்த இறுக்கிப் புடி. கண்ல எண்ணெ வுழும், மூடிக்கோ.”

“நீ மொதல்ல அந்த நட்ட சரியா வையி. வாஷர் எங்க?”

“வாயில வச்சிருக்கேன்.”

“துப்பு. முழுங்கிடப் போற.”

சிலிண்டரைக் கழற்றுமுன் அதன் இரண்டு முனைக்கும் போகிற ஹோஸ்களுக்கு அடையாளம் வைக்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே நீளம், ஒரே கறுப்பு. சாக்பீஸ் எண்ணெயில் நிற்கவில்லை. கீதாஞ்சலி உள்ளே ஓடிப்போய், பெண் பார்க்கும் படலத்துக்காக அமராவதி வாங்கி வைத்திருந்த சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து வந்தாள். ஒரு ஹோஸில் ‘கட’ என்று எழுதினாள். இன்னொன்றில் ‘கழு’ என்று எழுதினாள்.

அந்த ஊரில் இடது வலது என்று யாரும் பேசுவதில்லை. கிழக்கே கடல், மேற்கே கழுவெளி ஏரி, இரண்டுக்கும் நடுவில் நாடா மாதிரி ஊர். எதுவாக இருந்தாலும் ஒன்று கடலாண்ட இருக்கும், இல்லாவிட்டால் கழுவெளியாண்ட இருக்கும். பந்தியில்கூட “கடலாண்ட உக்காந்திருக்கிற பெரியவருக்கு ரசம்” என்றுதான் குரல் வரும். பல்வலி வந்தவன் டாக்டரிடம், “கழுவெளியாண்ட கடவாப் பல்லு சார்” என்று சொல்லி அவரைத் திகைக்க வைத்ததும் உண்டு. ஆகவே ‘கட’ என்றால் என்ன என்று ஜான்சன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கு அவன் வேறு ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

அப்போது டிராக்டர் வடக்கே பார்த்து நின்றுகொண்டிருந்தது.

லேத்திலிருந்து கம்பி வருவதற்குள் மாசி மாதத்தில் வராத மழை ஒன்று வந்தது. பிரித்துப் போட்ட வண்டியில் தண்ணீர் இறங்கினால் எல்லாம் போச்சு. தெருவே கூடி, பின்பக்கமாகக் கயிறு கட்டி இழுத்து, முன்சக்கரத்தை உதைத்து உதைத்துத் திருப்பி, கொட்டகைக்குள் தள்ளியது. சின்னப்பாப்பாவும் ஒரு கை கொடுத்தாள். அது பிற்பாடு பலமுறை நினைவூட்டப்பட்டது. கொட்டகையில் வண்டியின் மூக்கு தெற்கே பார்த்து நின்றது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நனையாமல் நின்றதே போதும் என்று டீ குடித்தார்கள்.

குரோம் கம்பி வந்தது. புது சீல் போட்டு ஜான்சன் எல்லாவற்றையும் ஏற்றினான். சிலிண்டரைப் பொருத்திவிட்டு அடியிலிருந்து கையை நீட்டினான்.

“ஹோஸ் குடு. எது எங்க?”

கீதாஞ்சலி சிவப்பு எழுத்தைப் பார்த்துப் படித்தாள். “இது கடலாண்ட.”

அவன் கடல் இருக்கும் பக்கத்து முனையில் மாட்டினான்.

“இது கழுவெளியாண்ட.”

மற்றதில் மாட்டினான். இரண்டு பேரும் சொன்னது சரி, செய்ததும் சரி. வண்டிதான் திரும்பி நின்றுவிட்டது.

ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, காற்றுப் போவதற்காக ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்றினார்கள். சுற்றியவள் கீதாஞ்சலி. பானெட் திறந்திருந்ததால் சக்கரம் அவளுக்குத் தெரியவில்லை. ஜான்சன் கீழே படுத்து, மூட்டு மூட்டாக விரல் வைத்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். சகாதேவனும் அதையே பார்த்தார். வருஷக்கணக்கில் ஒழுகியே பழகிய வீட்டில் எல்லோர் கவலையும் ஒழுகலைப் பற்றித்தான்.

“ஒரு சொட்டு இல்ல மாமா!”

“ம்மா, இங்க வந்து பாரேன்!” கீதாஞ்சலி கூவினாள். நிஜமாகவே சுண்டுவிரலை ஸ்டியரிங்கில் கொக்கி போட்டுச் சுற்றிக் காட்டினாள். அமராவதி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் தோல்வியா சிரிப்பா என்று சொல்ல முடியாதபடி ஏதோ ஒன்று வந்து போனது.

சகாதேவனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “ஜாக்கிய எறக்கு ஜான்சா. ஒரு ரவுண்டு போயிட்டு வர்லாம். தெரு பாக்கட்டும்.” நல்ல கையால் பிடித்து மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கொட்டகை வாசல் தெருவுக்குச் சாய்வாக இருந்தது; அதற்கு வெளியே நான்கடியில் தெரு. தெருவுக்கு அந்தப் பக்கம் பாத்திக்குத் தண்ணீர் போகும் உப்பு வாய்க்கால். வெளியே வந்ததும் ஸ்டியரிங்கை ஒடித்தால்தான் வண்டி தெருவோடு போகும். கீதாஞ்சலி வழக்கம்போல் பாதி எழுந்து, மொத்த உடம்பையும் போட்டு ஒடித்தாள். பாறாங்கல்லுக்குப் பழகிய உடம்பு அது. ஸ்டியரிங் பம்பரமாகச் சுற்றியது. மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பி வாய்க்காலைப் பார்த்தது. இன்னும் ஒடித்தாள். வாய்க்கால் இன்னும் வேகமாக வந்தது.

சகாதேவன் மட்கார்டிலிருந்து பறந்து வாய்க்கால் சுவரில் இடுப்பு அடித்து விழுந்தார். முன்சக்கரங்கள் சேற்றில் இறங்கி நின்றன. இன்ஜின் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

108 வருவதற்குள் வீடியோ இடையஞ்சாவடி போய்ச் சேர்ந்துவிட்டது. யார் எடுத்தார்கள் என்று கேட்டால், சின்னப்பாப்பா இன்றைக்கும் தன் போனில் கேமரா சரியில்லை என்றுதான் சொல்கிறாள்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது சகாதேவன் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னார். “பாப்பா மேல தப்பு இல்ல. அது நல்லாத்தான் ஓட்டுச்சி. ஸ்டியரிங்கு மாறிப்போச்சி. மெக்கானிக்குப் பய வேல.”

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிவு என்றார்கள். மறுநாள் காலை மாற்றுத்துணி எடுக்க அமராவதியும் கீதாஞ்சலியும் பஸ்ஸில் திரும்பினார்கள். அமராவதி ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

“அந்த மனுசன் எழுந்து நடக்க எத்தினி மாசம் ஆவுமோ. இப்ப வண்டிதான் சோறு. வேற மெக்கானிக்க வச்சி சரி பண்ணிக்கலாம். நீயே ஓட்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

கீதாஞ்சலி மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கொட்டகையில் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றது, அதற்கு முன்னால் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று யோசித்து முடித்திருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சீட் அவளுடையது.

வீட்டுக்கு வந்தால் வாய்க்கால் ஓரத்தில் கூட்டம். வண்டியைத் தூக்க ஜான்சன் கயிற்றோடும் இன்னொரு டிராக்டரோடும் வந்திருந்தான். அமராவதி அவனைப் பார்த்ததும் பஸ்ஸில் பேசிய அடங்கின குரலையெல்லாம் மறந்தாள்.

“வாடா, வா! என் வூட்டுக்காரர மொடமாக்கிட்டு மிச்சம் இன்னா இருக்குதுன்னு பாக்க வந்தியா? ஒரு ஸ்டியரிங்க ஒழுங்கா மாட்டத் தெரியாதவன்லாம் மெக்கானிக்கு!”

ஜான்சன் சேற்றில் இறங்கி வண்டிக்கடியில் நுழைந்தான். கொஞ்ச நேரம் அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கீதாஞ்சலியை ஒரு தரம் பார்த்தான். பிறகு கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

“ஆமாம்மா. ஹோஸ மாத்திதான் மாட்டியிருக்கேன். சக்கரத்தப் பாத்திருக்கணும், பாக்கல. என் தப்புதான்.”

பக்கிரி கனைத்தார். அந்தப் பக்கத்து உப்பளங்களின் காண்ட்ராக்டர் அவர். மூன்று டிராக்டர் வைத்திருந்தார். மற்ற வண்டிக்காரர்களும் அவர் கனைப்புக்குக் காத்திருப்பவர்கள்தான். “ஏம்பா, எல்லாரும் கேட்டுக்குங்க. நம்ம உப்பளத்து வண்டி எதையும் இனிமே இவன் தொடக் கூடாது. அவ்ளோதான்.”

ஜான்சனிடம் வந்த வேலையில் முக்கால்வாசி உப்பளத்து வண்டிகள். அவன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

கீதாஞ்சலி அம்மாவைப் பார்த்தாள். அமராவதி கண்ணாலேயே ‘பேசாதே’ என்றாள். அவள் இதுவரை மகளிடம் கெஞ்சிப் பார்த்ததே இல்லை.

“குறி வச்சது நானு,” என்றாள் கீதாஞ்சலி.

“இன்னாது?”

“ஹோஸுக்குக் குறி நான்தான் வச்சேன். கடலாண்டன்னு எழுதினேன். அப்ப வண்டி வடக்கே பாத்து நின்னுச்சி. மழையில நாமல்லாம் தள்ளி உள்ள வுட்டப்போ தெக்கே திரும்பிடுச்சி. அப்ப கடலாண்ட இருந்த பக்கம் இப்ப கழுவெளியாண்ட போயிடுச்சில்ல? நான் அத்த யோசிக்காம எழுதினபடியே படிச்சேன். அவரு நான் சொன்னபடி மாட்டினாரு.”

தெருவே கையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கணக்குப் பார்த்தது. ஒருவர் நின்ற இடத்திலேயே பின்னால் திரும்பிக் கடலைத் தேடினார். பக்கிரிக்குப் பாதி புரிந்த மாதிரி இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் முழுதும் புரிந்திருக்கும்.

“எழுதினியா? எதுலடி எழுதின?” சின்னப்பாப்பா வண்டிக்கடியில் எட்டிப் பார்த்தாள். “அய்யே, நெயில் பாலிஷு! அவன் ஹோஸுக்கு இவ நெயில் பாலிஷு போட்டு வுட்டிருக்கா!”

அவ்வளவுதான். கடலும் கழுவெளியும் தெருவின் தலையிலிருந்து ஒரேயடியாக வடிந்துபோயின.

“அவன் என் தப்புங்கிறான், இவ என் தப்புங்கிறா,” என்று சின்னப்பாப்பா முடித்து வைத்தாள். “நடுவுல நமக்கு இன்னா வேல? வாங்க போவலாம்.”

யாரும் போகவில்லை. கீதாஞ்சலி ஜான்சனின் டூல்ஸ் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். இரண்டு ஹோஸையும் அவளே கழற்றி மாற்றி மாட்டினாள். வழிந்த எண்ணெய்க்கு ஈடு ஊற்றினாள். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். முன்னால் இன்னொரு டிராக்டர் இழுக்க, அவள் இரண்டு விரலால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வழுக்குகிற கரையில் வண்டியை நேராக ஏற்றிக்கொண்டு வந்து, தெருவில் ஒடித்து, கொட்டகைக்குள் நிறுத்தினாள். ஒரு பிசகு இல்லை. தெரு வண்டியைப் பார்க்கவே இல்லை. ஜான்சன் எங்கே பார்க்கிறான் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சகாதேவனுக்குச் செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. எல்லாம் வந்திருந்தது, நெயில் பாலிஷ் உட்பட.

“குறி நீயா வச்ச?”

“ஆமாப்பா.”

“நெசமாவா? இல்ல, அந்தப் பையனுக்காகச் சொல்றியா?”

“நெசமாத்தாம்பா. ஹோஸ மாத்திட்டேன். இப்ப சரியா இருக்குது. ஓட்டியும் பாத்துட்டேன்.”

சகாதேவன் காலில் தொங்கவிட்டிருந்த எடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சொன்னது உண்மை என்றால் தன் இடுப்பை உடைத்தது அவள். பொய் என்றால் அதைவிட மோசம். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும், “பாப்பா மேல தப்பு இல்ல” என்று சொன்ன வாயை இனி வைத்துக்கொள்ள இடமில்லை.

“வித்துடு,” என்றார் அமராவதியிடம்.

“அப்பா...”

“வேணாம்மா.”

மாதக்கணக்காக விற்றுத் தொலை என்று கத்தியவள் அமராவதிதான். அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதவளும் அவள்தான்.

வண்டியைப் பக்கிரியே வாங்கிக்கொண்டார். “ஸ்டியரிங்கு வெண்ணெ மாதிரி இருக்குதுப்பா,” என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னார். ஓட்டுவதற்குத் தன் மச்சான் மகனைப் போட்டார். அந்த சீசன் முழுக்க கீதாஞ்சலி தலையில் கூடை சுமந்தாள். வரப்பு முனையில் அந்த நீல வண்டி நிற்கும். அவள் கூடையைக் கொண்டுபோய் அதன் டிரெய்லரில் கொட்டுவாள். மச்சான் மகன் போனைப் பார்த்துக்கொண்டு, “ஏய், சீக்கிரம்” என்பான்.

இடையஞ்சாவடி மாப்பிள்ளை பிரபுவின் வீட்டார் ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த ஆவணியில் அவன் சின்னப்பாப்பாவின் அக்கா மகளைக் கட்டினான்; வீடியோவும் அந்த அக்கா வீட்டு வழியாகத்தான் போனதாம் என்று பேச்சு. ஜான்சன் ஒர்க்‌ஷாப்பைக் காலி செய்துகொண்டு கடலூர் பக்கம் போனான். இரண்டு வருஷம் கழித்து அனுமந்தை ஊர்ப் பெண் அனுஷியாவுக்கும் அவனுக்கும் சர்ச்சில் கல்யாணம். தெருவிலிருந்து ஒரு வேன் நிறையப் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். வரும் வழியில், “அந்தப் பொண்ணுக்கும் இவனுக்கும் ஒண்ணுமே இல்ல போலக்குதே” என்று யாரோ சொல்ல, “எனக்கு அப்பவே தெரியும்” என்று ஆறேழு பேர் சொன்னார்கள்.

கீதாஞ்சலி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கினாள். கூட வேலை பார்க்கும் வந்தவாசிப் பையனைக் கட்டிக்கொண்டாள். தெருவுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. அமராவதியும் ஊன்றுகோலோடு சகாதேவனும் விடியற்காலையில் வாடகைக் காரில் போய்விட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டார்கள். மஞ்சள் அரிசி ஒட்டியிருந்த அமராவதியின் பட்டுப்புடவை கொடியில் தொங்குவதைப் பார்த்துத்தான் எதிர்வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. அடுத்த தை பிறந்ததும் அவர்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளிடம் ஒரகடம் போய்விட்டார்கள்.